ஈரலில் போட்டுக்குங்க

அல்மா-அதா
12 செப்டம்பர் 1983

மதிப்புக்குரிய அக்காவுக்குக் கமர் ஏக்கத்தோடு எழுதும் சலாம். நீங்களும் உங்கள் மாடும் ஆடும் சுகம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே உங்கள் தம்பி சுகம், பையன் சாபித் சுகம், வயிற்றில் இருப்பதும் உதைக்கிற உதையைப் பார்த்தால் சுகம்தான்.

மருமகளாக வந்தவள் கணவனுடைய அக்காவின் பெயரை வாயால் சொல்லக்கூடாது, கையால் எழுதவும் கூடாது என்று ஒராஸ் சொல்கிறார். நான் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் உறைமேல் பெயரை அவரே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் அவர் எழுதுகிறது அது ஒன்றுதான்.

ஜிபெக்கை உங்களிடம் விட்டுவந்ததிலிருந்து கை வெறுமையாக இருக்கிறது. இருந்தும் அந்தக் கையில் எதற்கும் நேரமில்லை. ஆலை விடுதியின் ஒற்றை அறையில் பாதி சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது, பாதி தினமும் தேவைப்படுகிறது. தேவைப்படுகிறதுதான் எப்போதும் மூட்டைக்குள் இருக்கிறது. புது வீடு நவம்பரில் தருவதாகச் சொல்கிறார்கள். கிடைத்ததும் வந்து அழைத்துப் போகிறேன். அவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டாலும் வயிறு இன்னும் பச்சைக் குழந்தை வயிறுதான். பால் காய்ச்சியே கொடுங்கள்.

வண்டி நகரும்போது ஜன்னலிலிருந்து "ஈரல்ல போட்டுக்குங்க அக்கா" என்று கத்தினேனே, கேட்டதா? சக்கரச் சத்தத்தில் உங்கள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

உங்கள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.
கமர்


காஸலி
29 செப்டம்பர் 1983

கமர் தங்கச்சிக்கு சலாம். நான் சுகம், மாடு சுகம், முழங்கால் முழங்கால் மாதிரி இருக்கிறது. உன் வயிறு எப்படி? கனம் தூக்காதே. மூட்டையை ஒராஸ் தூக்கட்டும், அவனுக்கு முதுகு நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன்.

நீ சொன்னது எனக்கு மட்டுமல்ல, நடைமேடை முழுக்கக் கேட்டது. முலாம்பழம் விற்கிற கன்ஷாயிம் என் தோளில் தட்டி, "கேட்டியாடி, நாங்க எல்லாரும் சாட்சி" என்றாள். அழுதேன் என்று ஊரில் சொல்கிறார்கள். வெயில் கண்ணில் அடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆடு அறுத்தேன். தெருவே வந்து சாப்பிட்டது. பெரியவர்கள் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி ஆட்டின் முழங்கால் எலும்பைக் குழந்தை கையில் கொடுத்தோம். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். விடவே மாட்டேன் என்றாள். பெரியவர்கள் அது ரொம்ப நல்லது என்றார்கள்.

என் பெயருக்கு 'ஆணாக இருக்கட்டும்' என்று அர்த்தம், உனக்குத் தெரியும். என்னைப் பார்த்தவுடன் அப்பாவுக்குத் தோன்றிய பெயர். ஒன்பது வருஷம் கழித்து ஒராஸ் பிறந்தான், பெயர் வேலை செய்துவிட்டது என்றார்கள். அம்மா போனதும் அவனைத் தூக்கி வளர்த்ததும் அந்தப் பெயரின் வேலைதான். எனக்கென்று பிறக்க வேண்டியவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு வராமலே இருந்துவிட்டார்கள். இப்போது இவள் மாவுமூட்டை மேல் உட்கார்ந்து நான் ரயிலடிச் சாப்பாட்டுக்கடையில் ரொட்டி சுடுவதைப் பார்க்கிறாள். மாவெல்லாம் அவள் தலையில்.

உன் நல்ல மனசுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சுகமாகப் பெற்றுப் பிழை.
உல்போல்சின்


அல்மா-அதா
16 அக்டோபர் 1983

அன்புள்ள அக்காவுக்கு சலாம். நலமா? ஊரில் குளிர் வந்துவிட்டதா? இங்கே வந்துவிட்டது, கம்பளிகள்தான் எந்த மூட்டையில் என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை ஒராஸ் இரண்டு முறை படித்தார். பிறகு வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றார். உங்கள் நினைவு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் வந்ததிலிருந்து அவருக்கு யார் நினைவும் வந்து பார்த்ததில்லை. ஆடு எதற்கு என்று கேட்டேன். பிள்ளை வந்தால் அறுப்பது வழக்கம் என்றார்.

ஒன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. எலும்பைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குக் கடைவாய்ப் பல் வருகிற நேரம், கடிக்க ஏதாவது கேட்பாள், புரிகிறது. ஆனால் கொழுப்பு ஒத்துக்கொள்ளாது. கொடுப்பதானால் நன்றாக வேகவைத்துக் கழுவிக் கொடுங்கள், கூர்மையான முனை இருந்தால் வேண்டாம். இரவல் ரப்பர் வளையம் ஒன்று இங்கே இருக்கிறது, அதுவும் மூட்டையில்.

வீடு ஜனவரிக்குத் தள்ளிப்போய்விட்டது. கட்டிடத்துக்குக் கூரை இருக்கிறது, மாடிப்படி இல்லை. சாபித்தின் ஆசிரியை வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "எங்க வீடே இன்னும் செய்யல" என்றானாம். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜிபெக்குக்கு என் முத்தம்.
கமர்


காஸலி
20 நவம்பர் 1983

கமர் தங்கச்சிக்கு சலாம். வயிறும் வீடும் எப்படி?

நீ எழுதியபடி எலும்பை வேகவைத்துக் கழுவினேன். பிறகு வழக்கப்படி சுவரில் கட்டித் தொங்கவிட்டேன். அவள் அதைக் கடிக்கவில்லை. தினமும் காலையில் காட்டி, அது தன்னுடையது என்று கன்ஷாயிமுக்கு ஞாபகப்படுத்துகிறாள், அவ்வளவுதான்.

உன் கடிதத்தைக் கன்ஷாயிமிடம் படித்துக் காட்டினேன். அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "பட்டணத்துப் பொண்ணு, வேடிக்கையா எழுதுறா" என்றாள். நானும் வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

குழந்தை இப்போது வாக்கியமாகப் பேசுகிறாள். என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருப் பிள்ளைகள் அவரவர் வீட்டில் கூப்பிடுவதைப் பார்த்துத் தானாக வந்தது.

தயிர் உருண்டை ஒரு பை அனுப்பியிருக்கிறேன். உனக்கு வாய்க்குப் பிடிக்கும். ஒராஸுக்குக் கொடுக்காதே, அவனுக்குப் பங்கு பிரிக்கத் தெரியாது.
உல்போல்சின்


அல்மா-அதா
8 டிசம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு அவசர சலாம். சுகம் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஒதுக்கீட்டுக் குழு இந்த மாதம் விடுதிக்கு வந்து தலை எண்ணப்போகிறது. ஒரு பையன் மட்டும் என்றால் இரண்டு அறை. பையனும் பெண்ணும் என்றால் தனித்தனியாகப் படுக்க வேண்டும் என்று மூன்றாவது அறை உண்டு. வயிற்றில் இருப்பதை எண்ணமாட்டார்கள், அது என்ன என்று அவர்களுக்கும் தெரியாது. காகிதத்தில் ஜிபெக் இருக்கிறாள், ஆனால் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். போன வருஷம் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி அறை வாங்கிவிட்டார்களாம். அதனால் நிஜமான பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குக் கஷ்டம்.

ஒராஸ் வந்து கூட்டிவருகிறார். குழு வந்து போனதும் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். விடுதியில் சளி பரவியிருக்கிறது, இங்கே வைத்துக்கொள்ள முடியாது. எனக்கும் நாள் நெருங்கிவிட்டது. கம்பளித் தொப்பி போட்டு அனுப்புங்கள்.
கமர்


காஸலி
15 ஜனவரி 1984

தம்பி ஒராஸுக்கு, ஆலை முகவரிக்கு.

சலாம். சுகமாக இரு. இதை வீட்டுக்கு எழுதாமல் வேலையிடத்துக்கு எழுதுகிறேன், காரணம் உனக்குத் தெரியும்.

குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று நீ சாப்பிட்டாய், தூங்கினாய், மறுநாள் வண்டிக்குப் போனாய். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கமர்கிட்ட சொல்லிட்டியா இல்லையா?" நீ ரொட்டியைப் பார்த்துக்கொண்டு, "சொல்லிக்கலாம்கா, வீடு வரட்டும்" என்றாய்.

ஆகஸ்டில் என் வீட்டில் உட்கார்ந்து என்ன சொன்னாய்? "நானும் அவளும் பேசி முடிவு பண்ணிட்டோம், இவ இனி உன் பொண்ணு" என்றாய். அதற்கு மேல் அவளே ரயிலிலிருந்து ஊர் கேட்க அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் பெரியவர்கள் முன்னால் எலும்பைக் கொடுத்து மகளாக்கிக்கொண்டேன். கொடுத்ததைப் பற்றி அவள் எழுதுவதோ பல்லைப் பற்றி. அவளுக்குத் தெரியாது, ஒராஸ். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்றே அவளுக்குத் தெரியாது.

இவள் என்னை அம்மா என்கிறாள். உன்னை மாமா என்கிறாள். நீ அதற்குத் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்டாய். அப்போதுகூட உனக்குச் சங்கடமாக இல்லையா?

சொல். இல்லையென்றால் நான் சொல்கிறேன்.
உன் அக்கா


அல்மா-அதா
2 பிப்ரவரி 1984

அக்காவுக்கு சலாம். நாங்கள் சுகம்.

பையன் பிறந்திருக்கிறான். பெயர் மேதெத். இப்போது சொன்னால் கமருக்குப் பால் வற்றிவிடும் என்கிறார்கள். வீடு மாறுவதும் இந்த மாதம்தான். கொஞ்சம் பொறு. நீ எழுதாதே, நானே சொல்கிறேன். அவளுக்கும் நிஜத்தில் நேரமில்லை, கொஞ்சநாள் போனால் பழகிவிடும்.

உனக்கு ஒன்றும் குறையாது.
ஒராஸ்


அல்மா-அதா
11 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்குப் புது வீட்டிலிருந்து முதல் சலாம். நலமா? ஆட்டுக்குட்டி ஏதாவது போட்டதா? நாங்கள் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம், நாங்கள் வளர்ப்பது துணி காயும் கொடி ஒன்றுதான்.

மூன்று அறை கிடைத்துவிட்டது. குழு வந்த அன்று நடந்ததை உங்களுக்கு எழுதவே இல்லை. இரண்டு பேர் வந்தார்கள். அந்த அம்மாள் ஜிபெக்கிடம், "உங்கம்மா எங்கடா கண்ணு?" என்று கேட்டாள். நான் எதிரில் நிற்கிறேன். ஜிபெக் என்னைப் பார்த்தாள், பிறகு வாசல் கதவைக் காட்டினாள். ஒராஸ் சிரித்துக்கொண்டே, குழந்தைக்கு வெளியே போக வருகிறது என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாள் என்னிடம், கெட்டிக்காரி, இப்போதே சொல்கிறாளே என்றாள். குறித்துக்கொண்டார்கள். அறை கிடைத்தது.

அவள் இருந்த மூன்று நாளும் என்னை அத்தை என்றே கூப்பிட்டாள். ஒராஸ் அது உங்கள் தெருவில் எல்லாரையும் கூப்பிடுகிற வழக்கம் என்றார். தெருவைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறாள் போலிருக்கிறது.

அந்த அறை அவளுடையது. இப்போதைக்கு அதில் மூட்டைகள் இருக்கின்றன. சாபித்துக்காக வாங்கிய பியானோவும் அங்கேதான் நுழைந்தது. வசந்தத்தில் எல்லாம் ஒழுங்காகிவிடும். பாலர் பள்ளியில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு சிவப்பு மேல்கோட்டு வாங்கினேன். அளவு சந்தேகமாக இருக்கிறது. ஒரு நூலை அவள் தோளிலிருந்து முழங்கால்வரை பிடித்து வெட்டி உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.

மேதெத் அழுகிறான். பால் நன்றாகவே இருக்கிறது. ஒராஸ் ஏனோ அடிக்கடி விசாரிக்கிறார்.
கமர்


அல்மா-அதா
3 ஜூன் 1984

உல்போல்சின் அக்காவுக்கு.

சலாம். உறைமேல் பெயரை இந்தத் தடவை நானே எழுதினேன். கை ஒன்றும் ஒடியவில்லை.

மார்ச் கடிதத்துக்குப் பதில் இல்லை. நூலும் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்தேன். போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், காஸலியில் எங்கள் நாத்தனார் பல் வருகிற குழந்தைக்கு ஆட்டு எலும்பு கொடுத்த கதையைச் சிரிப்புக்காகச் சொன்னேன். உங்கள் அரல் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி எங்களோடு வேலை செய்கிறாள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "முழங்கால் எலும்பா? யார் முன்னாடி குடுத்தாங்க? பெரியவங்க இருந்தாங்களா?" இருந்தார்கள் என்றேன். "அப்ப நீ என்ன சொல்லி விட்டுட்டு வந்த?" சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ செத்துப்போனால் பிடிப்பார்களே, அப்படி.

நான் படித்தது வேறு மொழியில். என் கஸாக் மொழி சமையலறையில் கேட்டது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைப் பூனைக்குட்டிக்குச் சொல்வார்கள். குளிர்கிறது, ஈரலோடு சேர்த்துப் பிடித்துக்கொள் என்று. ஒரு பிள்ளையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிற வார்த்தையும் அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஒராஸிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "அக்கா என்னைத் தூக்கி வளர்த்தா. அவளுக்குக் குடுக்க என்கிட்ட வேற என்ன இருக்கு?" என்றார். குளிர்பெட்டி இருக்கிறது என்றேன். வரிசையில் நின்று வாங்கியது, உங்களுக்கு அது பயன்பட்டிருக்கும்.

உங்களுக்கும் தெரிந்திருந்தது. என் எலும்புக் கடிதம் வந்த அன்றே தெரிந்திருக்கும். கன்ஷாயிமுக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தவிர ரயிலடி முழுவதற்கும் தெரிந்திருக்கிறது.

ஜூன் கடைசியில் வருகிறேன்.
கமர்


காஸலி
17 ஜூன் 1984

கமருக்கு சலாம்.

சந்தேகம் வந்தது நவம்பரில். நிச்சயமானது ஜனவரியில். அதற்குப் பிறகு எழுதியிருக்க வேண்டும். காகிதத்தை எடுப்பேன், அவள் வந்து மடியில் உட்காருவாள், காகிதத்தில் மாவு படும், வைத்துவிடுவேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

உன்னிடம் இரண்டு பேர் பொய் சொன்னோம். அவன் வாயைத் திறந்து சொன்னான், நான் மூடிக்கொண்டு சொன்னேன்.

வா. பெரியவர்களிடம் பேசிவிட்டேன். வழக்கத்தில் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு முறையும் இல்லையாம், யாரும் இதுவரை கேட்டதில்லையாம். அதனால் சாதாரணமாகவே கொடுத்துவிடுகிறேன். ஆடு அறுக்கப்போவதில்லை.

நூல் உள்ளே இருக்கிறது. கோட்டு சின்னதாகத்தான் இருக்கும்.

சிவப்புக் கோட்டோடு ஓர் அத்தை வரப்போகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். "அவங்க இங்கயே இருப்பாங்களா?" என்று கேட்டாள். இல்லை, நீ அவர்களோடு போவாய் என்றேன். எப்போது திரும்பி வருவது என்று கேட்கவில்லை. போன தடவை போய்விட்டு வந்தாள் அல்லவா, அப்படியே என்று நினைத்துவிட்டாள்.
உல்போல்சின்


அல்மா-அதா
2 அக்டோபர் 1984

அக்காவுக்கு சலாம். நலமா? முழங்கால் எப்படி?

கூட்டிவந்ததிலிருந்து ஜிபெக் ஜூலை முழுக்க அழுதாள். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். ஆகஸ்டில் சாயங்காலமானால் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த வெயிலில், கை முழங்கை வரைக்குமே வருகிற கோட்டு. "குழு போயிடுச்சா அத்தை?" என்று கேட்டாள். எந்தக் குழு என்று எனக்குப் புரியவே இரண்டு நாளானது. குழு போனதும்தானே அவளைத் திருப்பிக் கொண்டுவிடுவோம்.

செப்டம்பரில் அழுகையை நிறுத்திவிட்டாள். கோட்டையும் அவளே ஆணியில் மாட்டி வைத்துவிட்டாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பாலர் பள்ளியில் வீட்டுப் படம் வரையச் சொன்னார்களாம். எல்லாரும் ஜன்னல் போட்டார்கள், இவள் தண்டவாளம் போட்டிருக்கிறாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு வீட்டில் பிரச்சினையா என்று கேட்டாள். இல்லை, மூன்று அறை என்றேன்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மேதெத் தவழ்கிறான். சாபித் பியானோவைத் தொடுவதில்லை. ஒராஸ் நான் பேசும்போதெல்லாம் ஏதாவது ஆணி அடிக்கிறார், புது வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நான் களைத்துவிட்டேன். அவள் நன்மைக்காக என்று எழுத ஆரம்பித்தேன், அந்த வரியை அடித்துவிட்டேன். நீங்கள் இருந்தாலும் அடித்திருப்பீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை வண்டியில் ஒராஸ் கூட்டிவருகிறார். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து சொல்கிறேன். சாட்சிக்கு யாரும் வேண்டாம். ஈரலில் போட்டுக்குங்க.

அவள் பெரியவளானதும், மூன்றாவது அறை யாரால் கிடைத்தது என்று மட்டும் சொல்லவேண்டாம்.
கமர்


காஸலி
25 அக்டோபர் 1984

கமர் தங்கச்சிக்கும் ஒராஸுக்கும் சலாம். பிள்ளைகள் சுகமா? நாங்கள் சுகம்.

வந்து சேர்ந்தாள். கன்ஷாயிம் ரயிலடிக்கே முலாம்பழம் கொண்டுவந்திருந்தாள். குழந்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். முன்பு பிடுங்கிக்கொண்டு ஓடுவாள்.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். துணிப்பையை அவிழ்க்கவில்லை. அவிழ்த்து வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், அப்புறம் மறுபடியும் கட்டணும்ல" என்றாள். சுவரில் எலும்பு அங்கேயேதான் தொங்குகிறது. காட்டினேன். பார்த்தாள். இது யாருடையது என்று கேட்டாள்.

ரொட்டி சூடாக இருந்தது. எடுத்துக்கொள் என்றேன். கையை நீட்டவில்லை. "ஒண்ணு எடுத்துக்கட்டுமா அத்தை?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். நீ அம்மா என்றால் நான் அவளுக்கு அத்தை. நான் அம்மா என்றால், தம்பி பெண்டாட்டி, நீ அவளுக்கு அத்தை. முறைப்படி ஒரு தப்பும் இல்லை. யாருக்கும் மனக்கஷ்டம் வராத மாதிரி பார்த்துப் பேசுகிறாள். இன்னும் நான்கு வயதுகூட ஆகவில்லை.

இரண்டு எடுத்துக்கொள் என்றேன். ஒன்றுதான் எடுத்தாள். நாம் மூன்று பேருமாகச் சேர்ந்து நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறோம்.
உல்போல்சின்